ஞாயிற்றுக்கிழமை முட்டை

சர்ச்சிலிருந்து வந்த ஜீனா சேலையைக்கூட மாற்றவில்லை. அடுக்களைப் பூட்டைத் திறந்து, மூலையில் கிடந்த கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

வைக்கோல் மட்டும்தான் இருந்தது.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை! மற்ற நாளெல்லாம் அந்த வெள்ளைக் கோழி மகாராணி மாதிரி வந்து கூடையில் உட்கார்ந்து முட்டையிடும். ஞாயிறென்றால் மட்டும் அதற்கு என்ன கேடு வந்ததோ!

"எனக்க மானத்த வாங்கத்தான் நீ பெறந்தியா?" என்று கோழியைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டாள். கோழி முற்றத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

வினை அவள் வாயால் வந்ததுதான். டிகிரி முடித்து, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற ஜீனா, ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். பக்கத்து ஊர்க்காரர் ஞானையன் குடும்பத்தோடு மிஷனரியாகப் பப்புவா நியூ கினிக்குப் போயிருந்தார். அங்கிருந்து அவர் எழுதிய நீலக் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாள். உலகப் படத்தில் தங்கள் ஊரான பாறசாலையிலிருந்து அந்தத் தீவு வரை விரலால் கோடு இழுத்தாள்.

"அங்க கப்ப கிடைக்குமா டீச்சரே?" என்று கேட்டான் ராபின்சன். வகுப்பிலேயே பொடியன் அவன்தான்.

மரவள்ளிக்கிழங்கு அங்கேயும் கிடைக்கும் என்றாள். கடல் தாண்டிப் போக எல்லாராலும் ஆகாது, போனவர்களைத் தாங்க எல்லாராலும் ஆகும் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் ஆவேசம் வந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கோழி ஞாயிற்றுக்கிழமை இடுகிற முட்டை மிஷனரிக்கு. சாயங்காலம் சர்ச் முற்றத்தில் ஏலம் போட்டுப் பணத்தை அனுப்பிவிடலாம். வேறு நாள் முட்டை செல்லவே செல்லாது என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்குப் பன்னிரண்டு முட்டை வந்தது. ஒரு வாரம்கூடக் குறையவில்லை. இந்த ஊர்க் கோழிகளுக்கு இத்தனை பக்தியா என்று அவளே அசந்துபோனாள்.

வராதது டீச்சர் வீட்டு முட்டை மட்டும்தான்.

போன வாரம் ஜெனில் என்ற பையன் கேட்டேவிட்டான். "டீச்சருக்க கோழி மட்டும் இன்னும் சபையில சேரல்லியா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஜீனாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்று அவள் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். நேற்றைய முட்டை இருந்தது. முட்டையில் கிழமை எழுதியா வைத்திருக்கிறது? கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

வகுப்பில் அதைப் பதின்மூன்றாவதாகத் தட்டில் வைத்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். பொய் சொல்லக் கூடாது என்று போன மாதம் இதே இடத்தில் நின்று பாடம் எடுத்தவள் அவள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு சுகுமாரி அக்கா நின்றாள். பக்கத்து வீட்டுச் சதாசிவனின் மனைவி. சர்ச் வாசலை மிதித்ததே இல்லை. இடுப்பில் ஒரு கூடை.

"மக்கா ஜீனா, நீங்க வீட்டப் பூட்டிட்டு சர்ச்சுக்கு எறங்கினதும் உனக்க வெள்ளக்கோழி வேலி சாடி, எனக்க விறகுப்புரையில வந்தாக்கும் முட்ட இடுது. யாருக்க முட்டைன்னு தெரியாம ஆறு ஞாயறாச்சயா நான் முழிச்சேன். இன்னைக்குத்தான் கள்ளிய கையோட பிடிச்சேன்."

கூடையில் நான்கு முட்டைகள். நடுவே இரண்டு மஞ்சள் குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்றன.

"மொதல்ல கிடச்ச ரெண்டையும் அடைக்கு வெச்சேன். குஞ்சும் உங்க மிஷனரிக்கு உள்ளதாக்கும்" என்று சொல்லிக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

பிள்ளைகள் குஞ்சுகள் மேல் விழுந்தடித்தார்கள். ஜெனில் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டீச்சரே, அப்போ இன்னைக்கு நீங்க வெச்ச முட்ட?"

கோழி காலையில் இரண்டு இட்டது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பன்னிரண்டு முகங்களும் அவளையே பார்த்தன. அவளால் முடியவில்லை.

"சனியாச்ச முட்ட மக்களே. டீச்சர் கள்ளத்தனம் செய்தாச்சு."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இனி எந்த முகத்தோடு இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது?

யாரும் சிரிக்கவில்லை. ஜெனில் கால் விரலால் தரையைத் தேய்த்தான்.

"எனக்கது வியாழாச்ச முட்டையாக்கும் டீச்சரே."

ஜீனா நிமிர்ந்தாள்.

"எங்க கோழி அடை கிடக்குது. இது பெரியம்ம வீட்டு முட்ட" என்றாள் ஒருத்தி. செவ்வாய் என்றது ஒரு குரல், புதன் என்றது இன்னொன்று. வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வது போல வரிசையாக எழுந்துகொண்டே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யார் வாயிலும் வரவில்லை. ஜீனாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

கடைசியாக ராபின்சன் மட்டும் மிச்சமிருந்தான். டீச்சர் சிரிப்பதைப் பார்த்துத் தைரியம் வந்து, மெல்ல எழுந்து நின்றான்.

"டீச்சரே, எங்க வீட்டுல கோழியே இல்ல."