எண்ணெய் பிடிக்கும் டப்பா

முதல் பனி விழுந்த சனிக்கிழமை. மினசோட்டாக் குளிருக்குக் கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டு, மார்லீனின் கார் பானெட்டுக்குள் குனிந்திருந்தான் வெண்டல். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கர்ட் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான்.

மார்லீன் காபியோடு வந்தாள். "இது என்ன டப்பா?"

"டர்போ எஞ்சின் தன்னோட எண்ணெய்ப் புகையைத் தானே குடிக்கும். வால்வெல்லாம் கரி பிடிச்சிடும். இது அந்த எண்ணெயை வழியிலேயே பிடிச்சு வெச்சுக்கும்."

"எனக்காகவா இவ்வளவும்?"

"வேற யாருக்கு?"

அவள் குனிந்து டப்பாவைப் பார்த்தாள். "நான் இதுல ஏதாவது பாத்துக்கணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். கையே வைக்காதே."

வெண்டல் பானெட்டை மூடிக் கராஜ் கதவைத் தூக்கிவிட்டான். மார்லீன் அவன் தோளைத் தொட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பின் சீட் முழுக்க அட்டைப்பெட்டிகள்.

கர்ட் பதறினான். "ஏம்ப்பா, என்ன சொல்லி அனுப்பிட்டே? இந்தக் குளிர்ல டப்பாவுல எண்ணெயோட தண்ணியும் சேருமே! வாராவாரம் கொட்டலைன்னா உறைஞ்சு அடைச்சுக்கும். உள்ளே அழுத்தம் ஏறி, சீல் பிதுங்கி, எண்ணெய் மொத்தமும் ஒழுகி, எஞ்சினே போயிடும்!"

வெண்டல் கையைத் துடைத்தான். "தெரியும்."

"தெரிஞ்சுமா? உன் பொண்டாட்டி வண்டிப்பா!"

"நேத்து வரைக்கும் பொண்டாட்டி. கோர்ட்ல தீர்ப்பாயிடுச்சு. வண்டி அவளுக்காம். அவ, ரஸ்ஸல்னு ஒருத்தனுக்காம்."

அவள் கொண்டுவந்த காபியை எடுத்து ஒரு வாய் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

"நடுவழியில நின்னா அவன் தள்ளட்டும்."