ஈரக் கை வைத்தியம்

"ஐயா, நேத்து ஒரு நாள்ல மட்டும் ஏழு தடவை பாத்திரம் கழுவிட்டேன்."

சொல்லிவிட்டு வெல்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். தன் வீட்டு அறையில் எதிரே உட்கார்ந்திருந்த போதகருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"ஏழா! பலே. வீட்ல அத்தனை பாத்திரமா இருந்துச்சு?"

"எங்க ஐயா இருந்துச்சு? மூணு தடவைக்கு மேல கழுவினதையே திரும்பத் திரும்பக் கழுவினேன். அப்புறம் பக்கத்து வீட்டுல போய்க் கேட்டு வாங்கினேன்."

விஷயம் இதுதான். போனில் பார்க்கக் கூடாத படங்களைப் பார்க்கும் பழக்கம் வெல்டருக்கு. பட்டறையில் இருக்கும்வரை வம்பில்லை. முகத்தில் கவசம், கையில் நெருப்பு, போனைத் தொட வழியே கிடையாது. வீட்டுக்கு வந்தால்தான் கை சும்மா இருக்காது. மூன்று மாதத்துக்கு முன்னால் மனைவி பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை. "இதையெல்லாம் பார்த்த கண்ணால என்னைப் பார்க்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று வாரம் கழித்துத்தான் வந்தாள், இன்னொரு தடவை நடந்தால் போனவள் போனவள்தான் என்ற நிபந்தனையோடு. அந்த மூன்று வாரத்தில் மனிதர் பாதியாக இளைத்துப் போயிருந்தார்.

அப்போது போதகர் சொல்லிக் கொடுத்த வைத்தியம் இது: ஜெபம் பண்ணுங்கள், பண்ணிவிட்டுச் சும்மா உட்காராதீர்கள். ஆசை எட்டிப் பார்த்த நொடியே எழுந்துபோய் வீட்டு வேலை செய்யுங்கள். ஈரக் கைக்கு எந்தப் போனும் மசியாது.

"அடிப்பிடிச்ச பாத்திரம் கிடைச்சா விட்டுடாதீங்க," என்றார் போதகர். "தேய்க்கத் தேய்க்க மனசு அடங்கும். ஜன்னல் கம்பியும் நல்லதுதான். துணி மடிக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம். கைதான் மடிக்கும், மனசு ஊர் சுத்தப் போயிடும்."

"எவ்வளவு நுணுக்கமாச் சொல்றீங்க ஐயா!"

"எத்தனை பேரைப் பார்க்கிறோம்," என்று போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வைத்தியம் நல்லாவே பலிக்குது ஐயா. அந்தப் பக்கம் போயே ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆனா இப்ப வேற வம்பு வந்திருக்கு. என் வீட்டுக்காரி..."

கதவு படாரென்று திறந்தது. வீட்டுக்காரியே வந்து நின்றாள். அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டே பின்னால் போதகரின் மனைவி.

"ஐயா, இவருக்கு யாரோட தொடர்புன்னு நீங்களே கேட்டுச் சொல்லிடுங்க!"

"ஐயையோ, என்னம்மா பேச்சு இது?"

"பின்ன என்னங்க ஐயா? ஒன்பது வருஷமா எங்க வீட்டு ஃபேன் எந்தப் பக்கம் சுத்துதுன்னுகூட இவருக்குத் தெரியாது. போன வாரம் இறக்கையைக் கழட்டித் துடைக்கிறாரு! நேத்து பக்கத்து வீட்டுக் குக்கரைத் தேய்ச்சுட்டிருக்காரு! மடியில கனமில்லாத ஆம்பளை இப்படி விழுந்து விழுந்து வேலை செய்வானா? உண்மையைச் சொல்லலேன்னா இன்னைக்கே பெட்டியைக் கட்டுறேன்."

பெட்டி என்றதும் வெல்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆசை இன்னும் விடவில்லை என்று சொன்னாலும் போய்விடுவாள், சொல்லாவிட்டாலும் போய்விடுவாள். போதகரைப் பார்த்தார். 'சொல்லிடுங்க' என்று போதகர் கண்ணாலேயே தள்ளிவிட்டார்.

"யாரும் இல்லம்மா. அந்த ஆசை வர்றப்பல்லாம் எந்திரிச்சுப் போய் வேலை செய்றேன். ஐயா சொல்லிக் கொடுத்ததுதான். நீ திரும்பி வந்ததுலேருந்து ஒரு தடவைகூட அதைப் பார்க்கல."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "அப்ப நேத்து ஏழு தடவை..."

"ஏழு தடவையும் வந்துச்சு. ஏழு தடவையும் நீ போயிடுவியோன்னு பயந்து எந்திரிச்சுட்டேன்."

அவள் அழுதாள்.

"நான் நல்லா இல்லேன்னுதான் அதையெல்லாம் பார்த்தீங்கன்னு நினைச்சு நினைச்சு எத்தனை நாள் அழுதிருப்பேன் தெரியுமா?"

"கோளாறு என் கண்ணுல. உங்கிட்ட என்ன குறை?"

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன? நானும் கூட நின்னு நாலு பாத்திரம் தேய்ச்சிருப்பேன்ல?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பக்கத்து வீட்டுக் குக்கர் மட்டும் வேண்டாம், மானம் போகுது. நம்ம பரண்மேல ஒட்டடை நிறைய இருக்கு. அடுத்த தடவை அங்க ஏறுங்க."

"ஏறுறேன்."

இருவரும் கிளம்பினார்கள். வாசல் தாண்டுவதற்குள் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உரசி உரசிக் காய்த்துப் போயிருந்த கை.

ஒரு குடும்பம் பிழைத்தது. போதகருக்கு மனசு நிறைந்திருந்தது. மேசைமேல் இருந்த காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார். சபைப் பெண்கள் எல்லோரும் 'கொடுத்து வைத்தவள்' என்று பொறாமைப்படும் அவருடைய மனைவி மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, இந்த வீட்ல இன்னைக்கு வரைக்கும் நான் ஒரு டம்ளர்கூடக் கழுவினதில்லையே!"