தூத்துக்குடியில் மத்தியானச் சாப்பாடு

அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

கடையில் இருப்பவர்களுக்கு அவன் முதுகு மட்டும் தெரியும். எதிரே மனைவி பரிமளா.

அறுவைசிகிச்சைக்குப் பிறகு வெளியே சாப்பிட உட்காருவது இதுதான் முதல் முறை. ஒன்பது மாதம் ஆகிறது. இடது கன்னத்தில் புற்றுக்கட்டியை எடுத்துவிட்டு, தொடையிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைத்திருந்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. இப்போது வாய் ஒன்றரை விரல் அகலத்துக்குத் திறக்கும். மென்றால் ஓரத்தில் ஒழுகும். காரம் பட்டால் எரியும்.

அதற்கு முன் பதினாறு வருடம் அவன் திண்டுக்கல் வண்டியில் நடத்துனர். வாரத்தில் நான்கு நாள் தூத்துக்குடிக்கு வருவான். மத்தியானம் இதே கடை. துறைமுகம் போகும் சாலையில், தகரக் கூரை போட்ட மீன் சாப்பாட்டுக் கடை.

வீட்டுக்குப் போனதும் அன்றைக்குச் சாப்பிட்டதைச் சொல்லுவான். ஊளி மீன் வறுவல். விளமீன் குழம்பு. நண்டு. கையில் ஒரு பொட்டலம் மக்ரூன் இருக்கும்.

“நண்டு உங்களுக்கு. மிட்டாய் எனக்கு” என்பாள் பரிமளா.

“ஒரு தடவ கூட்டிட்டுப் போறேன்” என்பான்.

கூட்டி வந்துவிட்டான்.

நேற்று மாலை வந்து லாட்ஜில் தங்கினார்கள். அவள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்த மின்கெட்டிலில் அவனுக்கு ஓட்ஸ் காய்ச்சினாள். மிச்சத்தைத் தானும் குடித்தாள். காலையில் பனிமய மாதா கோயில், பிறகு கடற்கரை. இன்று மாலை ஐந்தரைக்குத் திரும்பும் வண்டி.

பரிமாறுபவர் இலை போட்டார்.

“அக்கா, அண்ணனுக்கு என்ன வைக்கட்டும்?”

இப்போது எல்லாரும் அவளிடம்தான் கேட்கிறார்கள். இந்த மனிதர் எத்தனையோ நாள் அவனுக்கு மீன் வைத்தவர். இப்போது இவன் முகம் அவருக்குப் பிடிபடவில்லை.

“கொழஞ்ச சோறும் ரசமும் போதுங்க. எனக்கும் அதே போதும்.”

“நண்டு” என்றான் அவன்.

வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. பரிமாறுபவர் அவளைப் பார்த்தார்.

“நண்டு. ஊளி. விளமீன் கொழம்பு.”

விரலை அவள் பக்கம் நீட்டினான்.

“என்னங்க இது. எனக்கு அந்த ஆசையே விட்டுப்போச்சு.”

பொய்.

போன மாதம் பக்கத்து வீட்டில் மீன் பொரித்தார்கள். அவள் சமையலறை ஜன்னலோரம் நின்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு ஜன்னலைச் சாத்தினாள், அவனுக்கு வாசனை போய்விடக் கூடாதென்று.

அவன் கூடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் வந்தது. நண்டு தட்டில் ஆவி பறந்தது.

அவள் அதைத் தள்ளி வைத்தாள். முதலில் அவன் சோற்றைப் பிசைந்தாள். ரசம் விட்டாள். மறுபடி பிசைந்தாள். கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, சின்னத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் வாயையே பார்த்தாள்.

ஒவ்வொரு கரண்டிக்கும் அவள் வாயும் கொஞ்சம் திறந்து மூடும். அது அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது கரண்டியில் ஓரம் ஒழுகியது. துண்டு வந்து துடைத்துவிட்டுப் போனது.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“நீ தொடாம நான் தொடமாட்டேன்.”

“ஆறட்டுங்க.”

“ஆறுனா நல்லாருக்காது.”

அவள் சுற்றும் பார்த்தாள். பெயருக்கு ஒரு காலை ஒடித்தாள். கடைவாயில் வைத்துக் கடித்தாள். ஓடு நொறுங்கியது. உறிஞ்சினாள்.

விரலை நக்கினாள்.

இன்னொரு கால்.

பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு கையாலும் நண்டைப் பிளந்தாள். நகக்கண்ணில் மசாலா ஏறியது. முழங்கை வரை வழிந்தது. ஓட்டுக்குள் சோற்றைப் போட்டுப் பிசைந்து, விரலால் வழித்து வாயில் போட்டாள். ஊளி வறுவலைப் பிய்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். நெற்றியில் வியர்த்தது.

மடியிலிருந்த துண்டு தரையில் விழுந்தது.

அவள் கவனிக்கவில்லை.

அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலை குனிந்திருந்தது. வகிடு தெரிந்தது. வகிட்டில் புதிதாக நரை.

அவன் வாயை யாரும் பார்க்கவில்லை.

குழம்புக் கிண்ணம் இலைக்கு வெளியே தனியாக இருந்தது. தன் பக்கம் இழுத்தான். விளமீன் துண்டின் தோலை உரித்தான். மசாலா தோலோடு வந்துவிட்டது. உள்ளே சதை வெள்ளையாக இருந்தது.

ஒரு துணுக்கைக் கிள்ளினான். முள் இருக்கிறதா என்று இரண்டு விரலுக்கிடையில் நசுக்கிப் பார்த்தான். இன்னொரு தரமும் பார்த்தான்.

வலது ஓரமாக உள்ளே தள்ளினான்.

எரிந்தது. கண்ணில் நீர் கட்டியது. துப்பிவிடலாமென்று குனிந்தான்.

துப்பவில்லை.

நாக்கால் நகர்த்தி நல்ல பக்கத்துப் பல்லுக்குக் கொண்டுபோனான். முதலில் உப்பு தெரிந்தது. பிறகு புளி. அதற்கும் பிறகு, மெதுவாக, மீன்.

ஓரம் ஒழுகியது. புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

அடுத்த துண்டைக் கொஞ்சம் பெரிதாகவே கிள்ளினான்.

“என்னங்க” என்றாள் அவள், தலை நிமிராமல். “இன்னொரு நண்டு சொல்லட்டுமா?”

“ம்” என்றான் அவன்.

வாய் நிறைய மீன் இருந்தது.