ஆறு மில்லிமீட்டர்

பூஜ்யத்தை அடித்துவிட்டு ஆறு என்று எழுதியிருந்தார் கைடு. பச்சை மையில்.

அவள் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு பூஜ்யங்கள். பன்னிரண்டும் ஆறாகியிருந்தன.

"எல்லாரும் அப்படித்தாம்மா போடறாங்க. ஜீரோவைப் போட்டு யார்கிட்ட கையெழுத்து வாங்கப் போற?"

அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு அந்த அறையைத் தாண்டாது. பட்டமும்தான்.

ஐந்தரை வருடம். குப்பைமேனிச் சாற்றில் துத்தநாக உப்பைக் கலந்து, உலையில் சுட்டு எடுத்த வெள்ளைப் பொடி. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். கிருமியைக் கொல்லும் என்று நம்பித்தான் ஆரம்பித்தாள்.

கொல்லவில்லை.

சோதனை எளிது. தட்டில் ஜெல்லி. ஜெல்லியின் மேல் கிருமி. நடுவில் ஒரு குழி வெட்டிப் பொடிக் கரைசலை ஊற்ற வேண்டும். கிருமி செத்தால் குழியைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். அதை ஸ்கேல் வைத்து அளப்பார்கள், குழியையும் சேர்த்து.

குழியின் அகலமே ஆறு மில்லிமீட்டர்.

முதல் வருடம் அவளும் ஆறு என்று அளந்து, டிபார்ட்மெண்ட் முழுக்க மைசூர்பாகு கொடுத்தவள்தான். அந்த ஆறு கைடின் பெயரோடு கட்டுரையாக அச்சிலும் வந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

மேஜையில் அவர் குடித்து வைத்த தண்ணீர் பாட்டில் இருந்தது. கேட்காமல் எடுத்துப் போனாள்.

மறுநாள் காலை, மூடிய தட்டு ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஸ்கேல்.

"உங்க பாட்டில் தண்ணிதான் சார் குழியில ஊத்தியிருக்கேன். அளந்து பாருங்க."

அவர் அளக்கவில்லை. எவ்வளவு வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும் என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பச்சைப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். நீ போகலாம் என்று அர்த்தம்.

அந்த அறையில் ஆய்வு மாணவர்கள் உட்காருவதில்லை. ஐந்தரை வருடமும் அவள் நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறாள்.

புதிதாக அச்செடுத்த பக்கத்தை மேஜையில் விரித்தாள். பன்னிரண்டு பூஜ்யங்கள். அடியில் ஒரு வரி கூடியிருந்தது.

முதல் கட்டுரையில் நான் எழுதிய ஆறும் பூஜ்யமே.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.