விழுவதற்கு ஓர் ஆள்

"கண்ணு எங்கே இருக்கு, முகத்துலயா முதுகுலயா? எழுந்திருங்க!"

பென்னி ஆசான் போட்ட சத்தத்தில் பலாமரத்துக் காக்கைகள் பறந்தன. ஸ்கூட்டரோடு புல்லில் சரிந்து கிடந்த ஏலியாம்மா, சுடிதாரைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"காலை ஊணினா டெஸ்ட்ல தோத்தாச்சு. எத்தனை தடவை சொல்றது? கம்பிக்கு நடுவுல எட்டு போடச் சொன்னா, ஓணத்துக்குப் பூக்களம் போடற மாதிரி உக்காந்துட்டீங்க!"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஜின்ஸி சிரிக்கவில்லை. ஐம்பது வயசுக்காரியை இப்படியா பேசுவது? மனுஷனா இவர்?

அவளும் ஸ்கூட்டர் பழக வந்து பத்து நாளாகிறது, ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்கியதோடு சரி.

புருஷன் குவைத்தில். போன மாசம் கைக்குழந்தை காய்ச்சலில் கண்ணைச் செருகியபோது, பக்கத்து வீட்டுக்காரர் குளித்து முடித்து வண்டியை எடுக்கும்வரை அவர் வாசலில் நின்றாள். அந்த இருபது நிமிஷம்தான் அவளை இங்கே கொண்டுவந்தது.

"அடுத்தது ஜின்ஸி."

"இன்னிக்கு வேண்டாம் ஆசானே. நாளைக்கு..."

ஆசான் அவளைத் திட்டவில்லை. ஏலியாம்மா பக்கம் திரும்பினார்.

"அப்போ நீங்களே போங்க. விழறதுக்கும் ஒரு ஆள் வேணுமே!"

போனாள். இரண்டாவது வளைவில் தொப்பென்று விழுந்தாள். மறுபடி திட்டு, மறுபடி சிரிப்பு.

"வலிக்குதா சேச்சி?" ஜின்ஸி கேட்டாள்.

"ரெண்டு பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா மோளே?" ஏலியாம்மா முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். "விழுந்தா என்ன ஆகுமோன்னுதானே பயம்? பாரு, இவ்வளவுதான் ஆகும்."

கொஞ்சம் புல், கொஞ்சம் மண்.

ஜின்ஸி அதையே பார்த்தாள். பிறகு போய் வண்டியில் ஏறினாள்.

அன்றைக்குக் கம்பியில் இடித்தாள். மறுநாள் விழுந்தாள். ஐந்தாம் நாள் கால் ஊன்றாமல் எட்டு போட்டாள். அவள் விழுந்தபோதெல்லாம் ஆசான், "பரவால்லே, இன்னொரு தடவை" என்பதோடு நிறுத்திக்கொண்டார். திட்டெல்லாம் ஏலியாம்மாவுக்குத்தான்.

டெஸ்ட் அன்று ஏலியாம்மாவைக் காணோம்.

"சேச்சி வரலையா ஆசானே?"

"அவங்களா? அவங்களுக்கு இனிமே எங்கே லைசென்ஸ் கிடைக்கப்போகுது!"

ஜின்ஸிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலேயே ஓட்டி, பாஸும் ஆனாள்.

மறுநாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போனாள். ஏலியாம்மாவுக்கு அல்வா கையில் இருந்தது. ஆசானுக்குக் கொடுக்க வேண்டியது வாயில் இருந்தது.

மற்றவர்களெல்லாம் போய்விட்டிருந்தார்கள். ஏலியாம்மா மட்டும் ஸ்கூட்டரை எடுத்து, கம்பிகளுக்கு நடுவே ஒரு எட்டு போட்டு வந்தாள். கால் தரையில் படவே இல்லை. ஆசான் பின்னால் ஏறி, அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மெல்லப் போ ஏலி. நீ ஓட்டினாலே எனக்கு உயிர் போகுது."

"கல்யாணமான நாள்லேருந்து இதே பாட்டு. பேசாம உக்காருங்க, மீன் வாங்கிட்டு வீட்டுக்குப் போகணும்" என்றவள், வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டாள்: "நாளைக்குப் புதுசா நாலு பேர் வராங்கன்னீங்களே, எத்தனை தடவை விழணும்?"