வெல்டர் எடுத்த பாடம்

"தெனெரியா இல்ல, தெந்த்ரியா. இன்னும் எத்தன தடவதான் சொல்றது?"

வெல்டர் புத்தகத்தைத் தொடையில் தட்டினான். எதிரே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவி அசடு வழிந்தாள். நாளைக் காலை பரீட்சை. ஸ்பானிஷ் பேசும் ஒரு ஊரில் வெல்டர்களையும் தையல்காரிகளையும் வேலைக்கு எடுக்கிறார்கள். பாஸானால் குடும்பத்தோடு போகலாம். பட்டறை மூடி எட்டு மாதமாக வீட்டில் ஈ ஓட்டும் அவனுக்கு இனி அவள்தான் கதி.

அவனும் இரண்டு முறை எழுதிப் பார்த்தவன்தான். இரண்டு முறையும் கவிழ்த்தது இந்தப் பாடம். 'நான் முதலாளியாக இருந்தால் மத்தியானம் வரை தூங்குவேன்' என்று நடக்காத ஆசையைச் சொல்ல, அந்த மொழியில் வினைச்சொல்லுக்குத் தனியாக ஒரு வால் ஒட்ட வேண்டும். பன்னிரண்டு சொற்கள் மட்டும் வாலோடு நிற்காமல் உடம்பையே மாற்றிக்கொள்ளும். இனி அந்தப் புத்தகத்தைத் தொட மாட்டேன் என்று சபதம் போட்டான். "அப்ப நான் எழுதுறேன். நீங்க கேள்வி மட்டும் கேளுங்க" என்று அவள் கிளம்பினாள்.

மூன்று மாதமாகக் கேட்கிறான். தெரு முழுக்க யார் யாருக்கு என்ன சட்டை அளவு என்று மனப்பாடமாக வைத்திருப்பவள், நேற்றுத் திருத்தியதை இன்று மறுபடி தப்பாகச் சொல்கிறாள். அதுவும் அவன் குப்புற விழுந்த அதே பன்னிரண்டில். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சரி, 'செய்'?"

"ஆசெரியா."

"ஆரியா!"

ஏன் அப்படி மாறுகிறது என்று அப்பாவியாகக் கேட்டாள். பன்னிரண்டையும் புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பித்து விளக்கினான். தொண்டை கட்டிப்போயிற்று.

"உனக்குப் போக இஷ்டமில்லையா? இல்லேன்னா இப்பவே சொல்லிடு" என்றான். குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகம்.

"இஷ்டமில்லாமலா இப்படி உயிர விடறேன்? திரும்ப மொதல்லேர்ந்து கேளுங்க."

மறுநாள் பரீட்சைக் கூடத்து வாசலில் நீண்ட வரிசை. வழியெல்லாம் அவளுக்குக் கடைசி நேரப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தான். காவலாளி நுழைவுச் சீட்டைக் கேட்டார். அவள் பையைத் துழாவி எடுத்து நீட்டினாள்.

காவலாளி சீட்டையும் வெல்டரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டோவுல மீசை இருக்கு, இப்ப எடுத்துட்டீங்களா... சரி, நீங்க உள்ள போங்க சார். வீட்டம்மா வெளியில உக்காரட்டும்."