நடுப்பாலத்தில் ஒரு மேடை

2005இல் வளைகுடாவில், முசஃபாவின் ஒரு யார்டில், அங்கே வெல்டராக இருந்த நுஃமானின் ஊர் ஆற்று ரயில் பாலத்துக்குப் புதிய இரும்புக் கர்டர்கள் தயாராகின. கப்பலில் ஏற்றுமுன், எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்க, மணலிலேயே பாலத்தை ஒருமுறை பூட்டி நிறுத்துவார்கள்.

வெள்ளைக்காரன் கட்டிய பழைய பாலத்தில், ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கும் மேடைகள் தூண்களின் மேல் மட்டுமே இருந்தன. தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்த, நுஃமான் காக்கா என்று கூப்பிடும் அவன் அண்ணன், ஒருநாள் ரயில் வந்தபோது இரண்டு தூண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். எந்த மேடைக்கும் ஓடிச் சேர முடியாமல் இறந்துபோனார்.

புதிய வரைபடமும் அப்படியே இருந்தது. நுஃமான் யாரிடமும் சொல்லாமல் நடுவில் ஒரு சிறு மேடையை வெல்டிங் செய்துவிட்டான்.

சாயங்காலம் ஃபோர்மேன் வாசு அதைப் பார்த்துவிட்டார். "என்ன பாய், முசஃபாவுக்கு ரயில் வருதுன்னு ஒதுங்கப் போறீங்களா? டிராயிங்ல இது மாஃபி, கிடையவே கிடையாது. காலைல வெட்டி எடுத்துடுங்க, கலாஸ், அதோட முடிஞ்சுது."

"ஒதுங்க இடமில்லாமத்தான் சார் எங்க காக்கா மௌத்தானாரு."

வாசு அந்த வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். "இருந்தாலும் வெட்டணும் பாய்," என்றார்.

காலையில் இருவரும் கட்டிங் டார்ச்சோடு ஏறினார்கள். பாலத்தின் ஒரு முனையிலிருந்து வெறுங்கால் தடங்கள் வந்திருந்தன. சுற்றிலும் மணல்தான்; தடங்களோ கருத்த ஆற்றுச் சேறு, இன்னும் ஈரமாக இருந்தது. நடு மேடையில் இரண்டு பாதங்களும் ஒட்டி நின்றிருந்தன. பிறகு அவை இறங்கி, அவசரமில்லாமல் மறுமுனைவரை நடந்து போயிருந்தன.

வாசு குனிந்து டார்ச்சின் கேஸ் வால்வை மூடினார்.

நுஃமான் மேடையின் கைப்பிடியைத் தொட்டான். ரயில் இப்போதுதான் கடந்து போனதுபோல இரும்பு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.